பானைத் தண்ணீர் வாசம்: ஒரு சென்ட் குறிப்பேடு

மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில், துபாயிலிருந்து வந்த உறவினர் கொடுத்த புதிய சென்டை நான்கு முறை அழுத்திப் பூசிக்கொண்டு கிண்டியில் உள்ள எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, கணக்குப் பிரிவில் இருந்தவர் ஒருவர், "என்ன மேடம், யாராவது பாயசம் கொண்டு வந்திருக்காங்களா?" என்று கேட்டார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பதினொரு மணி அளவில் பக்கத்து மேசைத் தோழி தன் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோர இருக்கைக்கு மாறினார். மதிய உணவின்போது அருகில் வந்து, "அக்கா, தப்பா நினைக்காதீங்க, எனக்கு அந்த நெடி தலைவலியைக் கிளப்பிடுது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். காலையில் எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்த ஒன்று இன்னொருவருக்கு நெடியாக இருந்திருக்கிறது என்பதும், அது எனக்குச் சிறிதும் தெரியாமல் போயிற்று என்பதும் அன்று மாலை ரயிலில் தாம்பரம் வரும்வரை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தன.

வரவு செலவு எழுதிப் பழகிய கை என்பதால், மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்றை இதற்காக ஒதுக்கினேன். தேதி, எந்தப் புட்டி, எத்தனை அழுத்து, உடலில் எந்த இடம், வெயிலா மழையா, யார் என்ன சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார், எவ்வளவு தூரத்தில் நின்று சொன்னார் என்று கட்டங்கள் போட்டேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கட்டத்தையும் சேர்க்க வேண்டியதாயிற்று: சொன்னவர் பயன்படுத்திய சொல். நம்மவர்கள் சென்டை முகத்துக்கு நேரே புகழ்வது குறைவு, "என்ன சென்ட் போட்டிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி புகழாகவும் இருக்கும், புகாராகவும் இருக்கும். ஆனால் ஒருவர் "வாசனை" என்றாரா, "வாடை" என்றாரா, "நெடி" என்றாரா என்பதைக் குறித்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அதற்கும் மேலான அடையாளம் ஒன்று உண்டு. புகழ்பவர் கேட்டுக்கொண்டே அரை அடி முன்னால் வருவார். புகார் சொல்ல விரும்பாதவர் கேட்டுக்கொண்டே அரை அடி பின்னால் போவார்.

முதல் வாரம் எந்தச் சென்டும் போடாமல் இருந்தேன். என்மேல் ஏற்கெனவே என்னென்ன வாசனைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் அந்த ஏற்பாடு. தெரிந்தபோது சற்று மலைப்பாகவே இருந்தது. சந்தன சோப்பு, லாவண்டர் பவுடர், தேங்காய் எண்ணெய், துணி அலசும்போது ஊற்றும் மென்மையாக்கி, பீரோவில் போட்டிருந்த அந்துருண்டை என்று ஐந்து வகை வாசனைகள் ஒரே சேலையில் குடியிருந்தன. இவற்றில் தேங்காய் எண்ணெய்தான் எதிர்பாராத குற்றவாளி: அதன் மணத்தோடு இனிப்புச் சென்ட் சேர்ந்தால் பேக்கரியில் பிஸ்கட் வேகும் மணம்தான் வருகிறது. பாயசக் கேள்வியின் மூலம் அங்கேதான் இருந்தது. எண்ணெயை இரவில் தடவிக் காலையில் தலைக்குக் குளிப்பது, பவுடரை நிறுத்துவது, மணமில்லாத சோப்புக்கு மாறுவது, அந்துருண்டையை எடுத்துவிட்டு அங்கே காய்ந்த வேப்பிலையைப் போடுவது என்று நான்கு மாற்றங்களைச் செய்தேன். இந்த வேலையைச் செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்துச் சென்ட் வாங்கினாலும், வாசித்துக்கொண்டிருக்கும் ஐந்து வாத்தியங்களோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்த்த கதைதான்.

அடுத்தது முகர்தாள். கடைகளில் கொடுக்கும் தாள்பட்டைகள் போதவில்லை. ஓவியம் வரையும் தடித்த தாளை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, பேனா மையின் மணம் கலக்காமல் இருக்கப் பென்சிலால் பெயரெழுதி, நுனியில் ஒரு முறை சென்டைத் தெளித்து, துணி கவ்விகளில் மாட்டி வைத்தேன். தெளித்தவுடன், கால் மணி கழித்து, ஒரு மணி கழித்து, நான்கு மணி கழித்து, மறுநாள் காலை என்று ஐந்து முறை முகர்ந்து எழுதினேன். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் போன்ற இலேசான சேர்மங்கள் முதலில் பறந்துவிடுகின்றன. பிறகு பூக்களும் வாசனைப் பொருள்களும் வெளிப்படுகின்றன. மரம், பிசின், கஸ்தூரி, வனிலா போன்ற கனமானவை கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடையில் நாம் மயங்குவது முதல் பத்து நிமிடத்துக்கு. அலுவலகத்தில் மற்றவர்கள் நம்மோடு இருப்பதோ நான்காவது மணியில். ஆகவே கடையில் முழங்கை மடிப்பில் ஒரு முறை தெளித்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பி, இரவு முகர்ந்து பார்த்தபின் முடிவெடுப்பது என்று வைத்துக்கொண்டேன். விற்பனையாளர்களுக்கு இது பிடிப்பதில்லை. மூக்கைத் தெளிவாக்க அவர்கள் நீட்டும் காபிக்கொட்டைக் கிண்ணத்தையும் நான் மறுத்துவிடுகிறேன். அதுவும் ஒரு வலுவான மணம்தானே. வெளியே வந்து நான்கு முறை மூச்சுவிட்டாலே போதும்.

புட்டியின்மேல் எழுதியிருக்கும் பிரெஞ்சுச் சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓ தெ துவாலெட் என்றால் வாசனைச் சரக்கு ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதமும், ஓ தெ பர்ஃபம் என்றால் 15 முதல் 20 சதவீதமும் இருக்கும் என்பது வழக்கம். கறாரான சட்ட அளவு கிடையாது. அடர்த்தியானதே நல்லது என்ற எண்ணத்தில் நான் பல ஆண்டுகள் இரண்டாவதைத்தான் தேடி வாங்கியிருக்கிறேன். சென்னை வெயிலுக்கு முதலாவதே போதும் என்பதை இந்த நோட்டுதான் சொல்லிக்கொடுத்தது.

எண்ணிக்கையிலும் ஒரு சூழ்ச்சி இருந்தது. ஒரு புட்டியில் இரண்டு அழுத்து அளவாக இருக்க, இன்னொன்றில் அதே இரண்டு அழுத்து கூடுதலாகத் தெரிந்தது. நகைக்கடையில் வேலை செய்யும் மைத்துனரிடமிருந்து பொன் நிறுக்கும் சிறிய மின் தராசை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல் வாங்கி, மூடியுள்ள சிறு டப்பாவில் பஞ்சை வைத்து, ஒவ்வொரு புட்டியிலிருந்தும் பத்து முறை தெளித்து உடனே மூடி நிறுத்தேன். பெரிய புட்டியில் பத்து அழுத்துக்கு 0.8 கிராம் வந்தது. சாராயத்தின் அடர்த்தியைக் கணக்கில் கொண்டால் அது ஏறத்தாழ ஒரு மில்லி, அதாவது அழுத்துக்கு 0.1 மில்லி. கைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு புட்டியிலோ அதில் பாதிதான் வந்தது. "இரண்டு அழுத்துப் போதும்" என்று யாரோ சொல்வதை நாம் அப்படியே பின்பற்றும்போது, அவருடைய புட்டியின் மூக்கும் நம்முடையதும் ஒன்றல்ல என்பதை மறந்துவிடுகிறோம். அன்றிலிருந்து நோட்டில் அழுத்துகளை எழுதாமல் மில்லிக் கணக்கில் எழுதத் தொடங்கினேன். மகள் சிரித்தாள், ஆனாலும் கணக்கு சரியாக வந்தது.

ஏப்ரல் முழுவதும் அந்தத் துபாய்ச் சென்டுக்கே ஒதுக்கினேன். விலையுயர்ந்த பரிசை வீணாக்க மனம் வரவில்லை. 1992இல் வந்த ஏஞ்சல் என்ற பிரெஞ்சுச் சென்ட், சர்க்கரைப் பாகின் மணம் தரும் எதில் மால்டால் என்ற சேர்மத்தை வழக்கத்துக்கு மிஞ்சிய அளவில் பயன்படுத்திப் புகழ்பெற்ற பிறகு, மிட்டாய் மணங்களுக்கு ஒரு தனி மரபே உருவாகிவிட்டது. என்னிடம் இருந்ததும் அந்த வம்சத்தில் வந்ததுதான். குளிர்நாட்டில், மூடிய கோட்டுக்குள்ளிருந்து மெல்லக் கசியும்படி அமைந்த மணம் இது. வெப்பம் கூடக் கூட ஆவியாகும் வேகமும் கூடும் என்பதால், நடைமேடையில் பத்து நிமிடம் வெயிலில் நின்றுவிட்டுப் பெண்கள் பெட்டியில் ஏறும்போது, எட்டு மணி நேரத்தில் மெல்ல வெளிவர வேண்டியது ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. இதோடு மூக்கின் பழக்கம் சேர்ந்துகொள்கிறது. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். சமையலறையில் இருப்பவருக்குத் தாளிப்பு வாசனை தெரியாமல், வாசலில் வருபவருக்குத் தெரிவதைப் போல. எனக்குத் தெரியவில்லை, ஆகவே போய்விட்டது என்று நினைத்து மதியம் மீண்டும் ஒரு முறை தெளித்துக்கொள்வது என் நெடுநாள் வழக்கம். பக்கத்து மேசைத் தோழியின் தலைவலிக்கு அந்த மதியத் தெளிப்பே முதற் காரணம் என்று இப்போது நம்புகிறேன்.

பூசிக்கொண்டவரே அளவை மதிப்பிட முடியாது என்றான பிறகு, அந்த வேலையைப் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளிடம் ஒப்படைத்தேன். நான் அறையில் சென்ட் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் கழித்துக் கூடத்துக்கு வருவேன். அவள் வாசலுக்குச் சென்று வெளிக்காற்றை மூச்சில் வாங்கிவிட்டுத் திரும்பி, என்னை நோக்கி மெல்ல நடந்து வந்து, மணம் தெரியும் இடத்தில் நிற்பாள். அவள் நிற்கும் இடத்துக்கும் எனக்கும் இடையே உள்ள தூரத்தைத் தரையின் ஓடுகளை எண்ணித் தெரிந்துகொள்வோம். கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் தெரிந்தால் அன்றைக்கு அது சரியான அளவு. கூடத்தின் மறுகோடியிலேயே அவள் நின்றுவிட்டால் ஈரத்துணியால் துடைத்துக் குறைப்பேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால், அந்தப் பத்து மாதங்களில் கிடைத்த நல்ல வார்த்தைகளில் ஒன்றுகூடக் கையெட்டும் தூரத்துக்கு அப்பாலிருந்து வரவில்லை. கோப்பை நீட்டும்போது, லிஃப்டில் நிற்கும்போது, ஒரே கணினித் திரையை இருவரும் குனிந்து பார்க்கும்போது வந்தவைதான் எல்லாம். தூரத்திலிருந்தே தெரிகிற மணம் ஒருவர்மேல் திணிக்கப்படுகிறது; அருகில் வந்தபின் தெரிவதை அவர் தாமே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்கிறார், அதனால்தான் வாய்விட்டுச் சொல்கிறார் என்பது என் ஊகம்.

இடத்தைப் பொறுத்தவரை, மணிக்கட்டு எனக்கு ஒத்துவரவில்லை. கணினி மேசையில் தேய்ந்தும், கை கழுவும்போது கரைந்தும் பதினொரு மணிக்குள் போய்விடுகிறது. இரு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று தேய்ப்பது முதல் மணங்களை இன்னும் விரைவாக விரட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. பின்கழுத்து, நெஞ்செலும்பு, முழங்கை மடிப்பு ஆகிய மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்வேன். குளித்துத் துவட்டியபின் அந்த இடங்களில் மணமில்லாத வாசலினைக் கடுகளவு தடவிவிட்டு அதன்மேல் தெளித்தால், வறண்ட தோலிலும் ஓரிரு மணி நேரம் கூடுதலாக நிற்கிறது. வெயில் படும் கழுத்தில் பெர்கமாட் போன்ற எலுமிச்சை இன எண்ணெய்கள் சேர்ந்த சென்டைப் போடுவதில்லை. அவற்றில் இயல்பாக உள்ள சில சேர்மங்கள் வெயிலோடு சேர்ந்து தோலில் கரும்படலத்தை உண்டாக்கக்கூடும். அத்தகைய சென்டுகளைச் சேலைக்கு உள்ளே மறையும் இடங்களில் மட்டுமே பூசுகிறேன்.

இந்த ஒழுங்கெல்லாம் வருவதற்கு முன்பு ஒரு சேலை பலியாயிற்று. மே மாதத்தில் ஒரு நாள் அவசரத்தில், அதே இனிப்புச் சென்டைச் சந்தன வெள்ளைப் பருத்திச் சேலையின் முந்தானையில் நேரடியாகத் தெளித்துவிட்டேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மடித்து வைத்து மூன்று வாரம் கழித்து எடுத்தபோது, தேநீர் சிந்தியது போன்ற மூன்று பழுப்பு வட்டங்கள் இருந்தன. வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலின் காற்றும் ஒளியும் பட்டால் நாளடைவில் பழுப்பேறும் என்பது பிறகுதான் தெரிந்தது. அடியில் வெள்ளைத் துணியை விரித்து, கறையின் பின்பக்கத்திலிருந்து மருந்துக்கடைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தேன். பழுப்பில் பாதி அடித்துணிக்கு இறங்கியது. பிறகு மிதமான சோப்பு நீரில் அரை மணி ஊறவைத்து, தேய்க்காமல் அலசி, நிழலில் உலர்த்தினேன். இரண்டு வட்டங்கள் போய்விட்டன. மூன்றாவது, தெரிந்து தேடினால் மட்டும் கண்ணில் படும் மங்கலான வளையமாக நிற்கிறது. கொசுவத்தின் உள்மடிப்பில் அந்த முனை வரும்படி சேலையைத் தலைகீழாகக் கட்டப் பழகிவிட்டேன். பட்டிலும் சரிகையிலும் இந்தப் பரிசோதனையைச் செய்து பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. தோலில் பூசி, பத்து நிமிடம் உலரவிட்டு, அதன்பிறகே சேலை கட்டுவது, முத்துமாலை இருந்தால் அதைக் கடைசியில் அணிவது என்று முறைப்படுத்திக்கொண்டேன்.

ஜூனில் கணவருடைய புட்டியை எடுத்தேன். 1994இல் ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவானது என்று அறிவித்து வந்த சி.கே. ஒன் அது, எலுமிச்சையும் பச்சிலையும் மெல்லிய கஸ்தூரியும் கலந்தது. அவர் அதை வாங்கி ஆண்டுக்கணக்கில் தொடாததால், தெளிப்பானின் துளை அடைத்துப்போய், அழுத்தினால் ஒரு சொட்டு மட்டும் பக்கவாட்டில் வழிந்தது. புட்டியின் கழுத்தில் உள்ள உலோக வளையத்தை நான் தொடவில்லை. ஆனால் மேலே விரல் படும் சிறு மூக்கு மட்டும் நேராக இழுத்தால் கழன்று வந்துவிடும். அதை வெந்நீரில் ஒரு மணி நேரமும், பிறகு ஸ்பிரிட்டில் கால் மணி நேரமும் போட்டு, ஊசியால் குத்தாமல், வாயால் ஊதி நீரை வெளியேற்றிப் பொருத்தினேன். நான்கு வெற்று அழுத்துக்குப் பிறகு புகைபோலப் பீய்ச்சியது. ஊசி போட்டிருந்தால் துளை பெரிதாகி மழைபோல் கொட்டியிருக்கும். முன்பு வேறொரு புட்டியில் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன்.

அந்தச் சென்டுக்குக் கிடைத்த பேச்சு வேறு விதமாக இருந்தது. யாரும் "என்ன சென்ட்?" என்று கேட்கவில்லை. "இப்பத்தான் குளிச்சிட்டு வந்தீங்களா?" என்று இரண்டு பேர், வெவ்வேறு நாள்களில், மாலை மூன்று மணிக்குமேல் கேட்டார்கள். வியர்வையும் தூசியுமாக எல்லோரும் சோர்ந்திருக்கும் நேரத்தில் வந்த அந்தக் கேள்வியைப் பாராட்டுக் கட்டத்திலேயே எழுதினேன். ஜன்னலோரத்துக்குப் போன தோழியும் அந்த மாதத்தில் பழைய மேசைக்குத் திரும்பி வந்தார்.

ஜூலையில் திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலை அடுத்த தெருவில் ஓர் அத்தர் கடைக்குப் போனேன். "பாய், வெட்டிவேர் இருக்கா?" என்று கேட்டதும், பெரியவர் இரண்டு புட்டிகளை எடுத்து வைத்து, "இது கலப்பு, விலை குறைவு. இது வேர்ல இருந்து எறக்கினது. ரெண்டையும் பாத்துட்டு எடும்மா" என்று ஒளிவில்லாமல் சொன்னார். கண்ணாடிக் குச்சியால் ஒரு கையின் புறத்தில் ஒன்றும் மறு கையில் மற்றதும் தொட்டுவிட்டு, "அரை மணி நேரம் கடைத்தெருவைச் சுத்திட்டு வாம்மா" என்றார். மாலில் கேட்டிராத பேச்சு அது. திரும்பி வரும்போது கலப்பு கூர்மையாக, ஒரே மாதிரியாக நின்றது. மற்றதோ மண், நனைந்த மரம், லேசான புகை என்று மாறிக்கொண்டே இருந்தது. அதில் 3 மில்லி வாங்கினேன். அத்தரில் சாராயம் இல்லாததால் அது பரவுவதில்லை, தோலோடு கிடந்து உடற்சூட்டில் மெல்ல எழுகிறது. புட்டியின் மூடிக்கம்பியில் ஒட்டியுள்ள அளவே இரண்டு இடங்களுக்குப் போதும். சுத்தமான எண்ணெய்கள் சிலருக்கு அரிப்பைத் தரும் என்பதால், முதல் நாள் முழங்கை மடிப்பில் ஒரு புள்ளி மட்டும் வைத்து மறுநாள்வரை பார்த்துக்கொண்டேன்.

வெட்டிவேர் அத்தரைப் போட்ட மூன்றாம் நாள் காலையில், தாம்பரம் ரயில் நிலைய வாசலில் பூ வாங்கக் குனிந்தபோது, முழம் போட்டுக்கொண்டிருந்த பூக்கார அம்மா கையை நிறுத்திவிட்டு, "என்ன கண்ணு, வெட்டிவேர் வாசம் வருது? எங்க வீட்டுப் பானைத் தண்ணி மாதிரி இருக்கு" என்றார். அத்தனை மல்லிகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவரின் மூக்குக்கு அது எட்டியிருக்கிறது. அதே வாரம் அலுவலகத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், "இந்த வாசனையை எங்கயோ பாத்திருக்கேன் மேடம், சொல்லாதீங்க, நானே சொல்றேன்" என்று யோசித்துவிட்டு, மதியம் என் மேசைக்கே வந்து, கோடையில் தாத்தா வீட்டு ஜன்னல்களில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டியையும், அதன்மேல் தண்ணீர் தெளிப்பது தம் வேலையாக இருந்ததையும் பற்றிப் பேசினார். துபாய்ப் புட்டிக்கு இப்படி ஒரு கதை வந்ததில்லை. மணம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை. நான் அதை நோட்டில் சிவப்பு மையால் எழுதினேன். கடலூர்ப் பக்கத்து மணல் நிலங்களில் விளைகிற ஒரு புல்லின் வேர்தான் இது; பாரிஸ் சென்டுகளிலும் பல காலமாக இருக்கிறது; அங்கேயும் யாருக்காவது ஏதாவது நினைவுக்கு வரலாம், ஆனால் பானைத் தண்ணீர் வராது.

இதனால் உற்சாகமடைந்து ஆகஸ்டில் மல்லிகை அத்தரையும் வாங்கியது என் தவறு. மல்லிகையின் மணத்தில் பென்சைல் அசிடேட், லினலூல் ஆகியவற்றோடு இன்டோல் என்ற ஒன்றும் உண்டு. துளியளவில் அதுவே பூவுக்கு உயிர். மிகுந்தால் வாடிய பூவின் கனத்த வாடை. வெள்ளிக்கிழமை தலையில் நிஜமான பூவும் கழுத்தில் மல்லிகை அத்தருமாகப் போனேன். பறித்த பிறகும் மொட்டு மொட்டாக மலர்ந்து மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும் பூவுக்கு முன்னால், அத்தர் பழைய பூவாகத் தெரிந்தது. "அக்கா, நேத்து வெச்ச பூவா?" என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். 1966இல் வந்த ஓ சவாஜ் என்ற சென்டில் எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா, மல்லிகையின் கனத்தை விட்டுவிட்டு அதன் காற்றோட்டத்தை மட்டும் தரும் ஹெடியோன் என்ற சேர்மத்தைப் பயன்படுத்தினார் என்பது சென்ட் உலகில் பெரிதாகப் பேசப்படும் செய்தி. நமக்கு அந்தச் சிரமம் இல்லை; காற்றோட்டமான மல்லிகை முழம் கணக்கில் கிடைக்கிறது. ஆகவே பூ வைக்கும் நாளில் மல்லிகையைப் பூவிடமே விட்டுவிட்டு, நெஞ்செலும்பில் வெட்டிவேரை மட்டும் தொட்டுக்கொண்டேன். நோட்டில் அதிகமான நல்ல வார்த்தைகள் இந்தச் சேர்க்கைக்குத்தான். அவற்றில் எத்தனை சேலைக்கும் பூவுக்கும் உரியவை என்ற சந்தேகம் எனக்கும் வந்ததால், பூவில்லாத செவ்வாய்க்கிழமைகளில் சாதாரணச் சுடிதாரோடு அதே வெட்டிவேரைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் மற்றப் புட்டிகளைவிட அது முன்னால்தான் நின்றது.

வைக்கும் இடத்தையும் இந்த மாதத்தில்தான் மாற்றினேன். குளியலறை அலமாரியின் சூடும் ஈரமும் வெளிச்சமும் சென்டைக் கெடுக்கும். பிரான்சின் வெர்சாய் நகரில், பழைய வாசனைத் திரவியங்களைக் காக்கும் ஓஸ்மோதெக் என்ற காப்பகத்தில், 12 டிகிரி குளிரில், ஆர்கான் வாயுவை நிரப்பி வைக்கிறார்கள். என்னால் முடிந்தது, அட்டைப்பெட்டியோடு பீரோவின் கீழ்த்தட்டு.

அக்டோபரில் மிட்டி அத்தர். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில், சுட்ட களிமண்ணைச் செப்புப் பாத்திரத்தில் நீரோடு கொதிக்கவைத்து, அந்த ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்கி எடுக்கிறார்கள்; சந்தனம் விலையேறிய பிறகு வேறு எண்ணெய்களிலும் இறக்குகிறார்கள். முதல் மழை பட்ட மண்ணின் மணம் அப்படியே வரும். மிகுந்த நம்பிக்கையோடு வாங்கி, முதல்முறை போட்டுக்கொண்டு போன நாளில் கிண்டியில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஊரே மண்வாசனையாக இருந்தது. என்னை யாரும் கவனிக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் அதே நிலை. அதை ஏப்ரலுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் அலுவலகத்தார் எல்லோரும் கொடைக்கானலுக்குப் போனோம். பெட்டியில் துபாய்ப் புட்டியையும் போட்டுக்கொண்டேன். தூக்கியெறிய மனமில்லாமல் பல மாதம் கிடந்தது, கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இரவுக் குளிரில், கறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத அடர்பழுப்புக் கம்பளிச் சால்வையில் ஒரே ஒரு அழுத்து. விடுதியின் தாழ்வாரத்தில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, அன்று மேசை மாறிய அதே தோழி என் சால்வையின் ஒரு முனையை இழுத்துத் தன் தோளிலும் போர்த்திக்கொண்டு, "அக்கா, இது என்ன, புதுசா? எவ்ளோ நல்லா இருக்கு" என்றார். பெயரைக் கேட்டார், சொன்னேன். மார்ச் மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குப் போனதும் நோட்டை எடுத்து எழுதினேன்: கொடைக்கானல், இரவு எட்டு மணி, கம்பளி, 0.1 மில்லி, தூரம் இல்லை, "வாசனை" என்றும் சொல்லவில்லை, "நல்லா இருக்கு" என்றார்.